உறுதி முடிக்குமுன் ஒரு வார்த்தை
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இளைஞர் பேச எழுந்தால் தமிழின் பெருமையைப் பற்றியோ, சமய வாழ்வைப் பற்றியோ, காரைதீவு ஈன்றெடுத்த விபுலானந்த அடிகளாரைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ நொத்தாரிசு. அதாவது, வீடு வளவு வாங்கும்போதும் விற்கும்போதும் உறுதி முடிப்பதற்கு எவரை நாடுவது என்பதாகும். பின்வரிசையில் நண்பர் சிலர் நகைப்பது எமக்குத் தெரிகின்றது. நகைக்கட்டும். இன்னும் சில வருடங்களில் அவர்களும் தம் தங்கைமாருக்கு வீடு தேடி அலையத்தான் போகிறார்கள். அப்பொழுது இந்தப் பேச்சு நினைவுக்கு வந்தால் அதுவே எமக்குப் போதும்.

நாம் சட்டம் படித்தவர் அல்லோம். பல்கலைக்கழகத்தில் வேறு பாடம் பயில்கின்றோம். ஆயினும் எமது குடும்பத்துக்கு நேர்ந்த ஒரு தொல்லையின் பயனாகக் காணிப் பதிவகத்துக்கும் சட்டத்தரணிகளின் கந்தோர்களுக்கும் கடதாசிக் கட்டைச் சுமந்துகொண்டு மூன்று வருடம் ஏறி இறங்கினோம். அந்த நடையிற் கற்றதையே இங்கு சொல்ல வந்தோம்.

எமது கரையோரத்தின் வழமை நீங்கள் அறியாததன்று. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று எந்த ஊரை எடுத்தாலும், தமிழர் வீடாயினும் முஸ்லிம்கள் வீடாயினும், வீடு மகளுக்கே. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். தகப்பன் கடல் கடந்து போய் உழைப்பதும், தாய் சீட்டுக் கட்டிக் காசு சேர்ப்பதும், அண்ணன்மார் தம் கலியாணத்தைப் பின்போட்டுத் தங்கைக்கு வீடு எழுப்புவதும் நாம் நாள்தோறும் காணும் காட்சிகள். ஆகவே, ஒரு குடும்பத்தின் இருபது வருட வியர்வை முழுவதும் உறுதி என்னும் அந்த நாலைந்து தாள்களுக்குள் அடங்கிவிடுகின்றது. சேலை எடுக்க மூன்று கடை ஏறி இறங்கும் நாம், அந்தத் தாள்களை எழுதுபவரை எப்படித் தெரிந்தெடுக்கிறோம்? “ஆர் நொத்தாரிசு?” என்று கேட்டால், “தரகர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாறாராம்” என்பதே விடை.

இப்பொழுது எமது குடும்பத்துக் கதையைச் சொல்லுகிறோம். எமது சின்னம்மா ஒருவர் 2011ஆம் ஆண்டில் தம் மகளுக்கென்று 12 பேர்ச் வளவும் அதிலிருந்த ஓட்டு வீடும் வாங்கினார். விற்றவர் அயலூரில் வாழ்ந்த ஒரு வயோதிப அம்மா. அவர் பிறந்து வளர்ந்த வளவு அது. அவருடைய பெயரில் பழைய உறுதி கையில் இருந்தது. அவரே அங்கு குடியிருந்தார். அயலவரைக் கேட்டால், “ஓம், அது அவவின்ர வளவுதான்” என்றனர். தரகர் நொத்தாரிசை அழைத்து வந்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நொத்தாரிசு உறுதியை வேகமாக வாசித்தார். சின்னம்மா காட்டிய இடங்களில் ஒப்பமிட்டார். தேநீர் பரிமாறப்பட்டது. எல்லோரும் மகிழ்ச்சியாகக் கலைந்து போயினர்.

மூன்று வருடத்தின் பின் அந்த அம்மா காலமானார். அந்தியேட்டிக்குக் கனடாவிலிருந்து வந்த அவருடைய மூத்த மகள், “எங்கட வளவில் நீங்கள் இருக்கிறீர்களே, என்ன விஷயம்?” என்று கேட்டார். அவருடைய கையில் ஓர் உறுதி இருந்தது. 1998ஆம் ஆண்டில், அவருடைய கலியாணத்தின்போது, தாய் அந்த வளவு முழுவதையும் அவருக்குச் சீதனமாக நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்து, தமக்குச் சீவிய உரித்தை மாத்திரமே வைத்துக்கொண்டிருந்தார். அது முறைப்படி பதியப்பட்டும் இருந்தது.

சீவிய உரித்து என்பது உயிருள்ளவரை இருந்து அனுபவிக்கும் உரிமை. அந்த அம்மாவோ, “என் உயிர் உள்ளவரை என்னுடையதுதானே” என்று எண்ணி, வைத்தியச் செலவுக்காக வளவையே விற்றுவிட்டார். அவர் வஞ்சகி அல்லர். எழுதிக் கொடுத்ததன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் சட்டம் மனத்தைப் பார்ப்பதில்லை. தம்மிடம் இல்லாத ஒன்றை எவராலும் விற்க முடியாது. சின்னம்மா முழு விலை கொடுத்து வாங்கியது அந்த அம்மாவின் எஞ்சிய ஆயுட்காலத்தை மாத்திரமே. அவருடைய மூச்சு நின்ற அன்றே சின்னம்மாவின் உரிமையும் நின்றது.

இந்த விபரம் முழுவதும் காணிப் பதிவகத்தில், எமது பெரியோர் காணிக் கந்தோர் என்று சொல்லும் அந்த இடத்தில், ஒரு பேரேட்டின் ஒரு பக்கத்தில் பதின்மூன்று வருடமாக எழுதிக் கிடந்தது. போய்ப் பார்க்க ஒரு முற்பகற் பொழுது போதும். போய்ப் பார்த்தவர் எவருமில்லை.

சபையோர்களே, இங்கே நொத்தாரிசு என்பவர் யார் என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். பலர் அவரை உறுதி எழுதும் எழுத்தாளர் என்றே கருதுகின்றனர். அது பெருந்தவறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையில் காணியை விற்பதோ வாங்குவதோ ஈடு வைப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும். அனுமதி பெற்ற நொத்தாரிசின் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும். இன்றேல் அது செல்லாது. பின்னர் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதுவே விதி. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி, “அச்சாரம் ஐந்து இலட்சம் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி வாங்குகிறோமே, அந்தக் கடதாசியைக் காட்டி விற்பவர் காணியைத் தரத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

அயல் நாடுகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரம் பதிகின்றனர். எழுதுவதற்குப் பத்திர எழுத்தர் இருப்பார். எமது முறைப்படியான நொத்தாரிசு அங்கே வேண்டியதில்லை. இலண்டனில் எமது உறவினர் வீடு வாங்கும்போது, வாங்குபவருக்கு ஒரு சட்டத்தரணியும் விற்பவருக்கு வேறொரு சட்டத்தரணியும் பொதுவாக இருப்பர். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் விடை சொல்லுவார். இங்கேயோ பெரும்பாலும் இரு தரப்புக்கும் நொத்தாரிசு ஒருவரே. ஆகவே அந்த ஒருவர் விழிப்பாக இல்லாவிட்டால் கேள்வி கேட்க ஆளே இல்லை.

நொத்தாரிசுமாரின் கடமைகளை 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் வரிசையாக வகுத்துரைக்கின்றது. ஒப்பமிடுபவரை அவர் தாமே அறிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகள் அறிந்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டும். பணம் தம் கண்முன் கைமாறியதா இல்லையா என்பதைத் தம் அத்தாட்சியிற் குறிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காணி பற்றிய உறுதியை எழுதுமுன் காணிப் பதிவகத்தின் பதிவேடுகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்படியாயின் சின்னம்மாவின் நொத்தாரிசு ஏன் தேடவில்லை? இதுதான் நாம் மூன்று வருட நடையிற் கண்ட இரகசியம். தரப்பினர் தேடுதல் வேண்டாம் என்று விட்டால், நொத்தாரிசு தேடாமலே எழுதலாம். அதைக் குறித்துவைத்தாற் போதும். சின்னம்மாவின் உறுதியில் அந்த வரி இருந்தது. வேகமாக வாசித்தபோது அதுவும் வாசிக்கப்பட்டதுதான். எவருடைய காதிலும் விழவில்லை. தேடுதற் செலவாகிய சிறு தொகையை மிச்சம் பிடித்து, வீட்டின் விலையையே இழப்பதற்கு அவர் ஒப்பமிட்டுக் கொடுத்திருந்தார்.

இனி, உறுதி முடிந்தபின் நடப்பதைப் பார்ப்போம். உறுதி ஒன்று எழுதப்படும்போது மூன்று பிரதிகள் உண்டாகின்றன. மூலம் வாங்கியவருக்கு. ஒரு பிரதி நொத்தாரிசின் சேமத்தில். மற்றொரு பிரதியை அவர் அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும்.

நாம் கற்றது மிசன் பாடசாலையில். அங்கு வேத பாட வேளையில் எரேமியா தீர்க்கதரிசியின் கதையைக் கேட்டிருக்கிறோம். அவர் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து ஒரு நிலம் வாங்கினார். சாட்சிகள் ஒப்பமிட்டனர். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டும் நெடுநாள் இருக்கும்படி மட்பாண்டத்தில் வைக்கப்பட்டன. நகரமோ அப்பொழுது பகைவரின் முற்றுகையில் இருந்தது. அழிவு வாசலில் நிற்கும்போதும் பத்திரத்தைப் பத்திரப்படுத்திய அந்தக் கதையை அன்று விளையாட்டாகக் கேட்டோம். அதன் பொருளை எமக்கு விளங்க வைத்தது 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி வந்த கடல்.

அந்தக் காலையில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகளில் வேலியும் போயிற்று, வீடும் போயிற்று, உறுதி வைத்த பெட்டியும் போயிற்று. அதன்பின் வடக்குக் கிழக்கில் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று தடை வந்து, பின்னர் தளர்த்தப்பட்டது. “இது என் வளவு” என்று காட்ட வேண்டிய நிலை அப்பொழுது ஏழை எளியவர் எல்லோருக்கும் உண்டாயிற்று. எவருடைய நொத்தாரிசு தம் கடமையை ஒழுங்காகச் செய்து பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பியிருந்தாரோ, அவருக்குப் பிரதி பெறும் வழி இருந்தது. எவருடைய நொத்தாரிசு அசட்டையாக விட்டிருந்தாரோ, அவருக்கு அந்த வழி அடைபட்டது. நல்ல நொத்தாரிசின் வேலை பல வருடங்களின் பின், அவர் முகம் நினைவில்லாத ஒரு நாளிலேகூட எமக்கு உதவும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். நொத்தாரிசு பிரதியை அனுப்புவது வேறு, உறுதியைப் பதிவது வேறு. மூலத்தைக் காணிப் பதிவகத்தில் சமர்ப்பித்துப் பதிய வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, நீங்கள் பதியாது வைத்திருக்கும் காலத்தில், அதே காணியை விலை கொடுத்து வாங்கிய இன்னொருவர் முந்திப் பதிந்துகொண்டால், அவர் வஞ்சனையோ கூட்டுச் சதியோ செய்யாதவிடத்து, அவருடைய உறுதியே மேலோங்கும். ஆகவே உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் மாத்திரம் காணி காவல் பெற்றதாகாது.

எமது பகுதியில் நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டிய வேறு சில விஷயங்களும் உண்டு. அடுத்தடுத்த மூன்று வேலிகளுக்குள் மூன்று விதமான சட்டம் வழங்கும் ஊர் இது. முஸ்லிம் ஒருவர் மரண சாதனம் எழுதாது காலமானால் 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி இஸ்லாமிய முறையில் பங்கு பிரியும். பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனின் பங்கிற் பாதி. எமது பகுதித் தமிழர் ஒருவர் அவ்வாறு காலமானால் பொதுச் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குச் சமமாக மறுபாதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவராயின் தேசவழமை குறுக்கிடும். அச்சட்டத்துக்கு உட்பட்ட மனைவி தம் காணியை விற்பதற்குக் கணவரின் சம்மதமும் வேண்டும். ஆகவே, “வாப்பாட காணி”, “அப்பாவின்ர காணி” என்று எவரேனும் விற்க வந்தால், உரிமைக்காரர் எத்தனை பேர், அத்தனை பேரும் ஒப்பமிடுகிறார்களா என்று எண்ணிப் பார்க்கத் தெரிந்தவரே எமக்கு வேண்டும்.

மேற்கே வயற்பக்கம் போனால் பெர்மிட் காணிகள் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய காணிகளை, அச்சட்டம் வேண்டும் அதிகாரிகளின் சம்மதமின்றி விற்க இயலாது. அதற்கு மாறான உறுதியை நொத்தாரிசு அத்தாட்சி செய்யவுங் கூடாது. “எல்லோரும் எழுதுகிறார்கள், நாமும் எழுதுவோம்” என்பவர் உங்களுக்கு நன்மை செய்பவர் அல்லர். இன்னும், “நான் பத்து வருடம் ஆண்டு அனுபவித்தேன்” என்று ஒருவர் தமக்குத்தாமே எழுதிக்கொள்ளும் ஆட்சி உறுதியும் உண்டு. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பத்து வருடத் தடையற்ற ஆட்சிக்கு உரிமை கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் சர்ச்சை எழுந்தால் அதைத் தீர்மானிப்பது நீதிமன்றமே. தாமே எழுதிய தாள் அன்று.

கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சின்னம்மாவின் தொல்லைக்குப் பின், எமது தந்தையார் எமது தங்கைக்காக ஒரு வளவு பார்த்தார். இம்முறை தரகரின் ஆளை விட்டு, கல்முனையில் நெடுங்காலம் தொழில் செய்யும் ஒரு முஸ்லிம் சட்டத்தரணியிடம் தாமே போனார். அவர் உடனே எழுத ஒப்பவில்லை. “பழைய உறுதி எல்லாத்தையும் வெச்சிட்டுப் போங்க மாஸ்டர், ரெண்டு கிழமை செண்டு வாங்க” என்றார். தந்தையார் ஆசிரியர், பொறுமை உள்ளவர். எமக்கோ பொறுமை இல்லை. “விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரே” என்று பதறினோம்.

இரு வாரத்தின் பின் அவர் பதிவேட்டுப் பிரதிகளை மேசையில் விரித்து வைத்தார். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். இடையில் ஓர் ஈட்டு உறுதி தீர்க்கப்படாமல் நின்றது. அதோடு, விற்பவரின் சகோதரர் ஒருவரின் பங்கு எவருக்கும் எழுதப்படாமல் இருந்தது. அவர் சொன்ன சொல் இன்றும் எமது காதில் ஒலிக்கின்றது: “மாஸ்டர், இந்தக் காணிய வாங்காதீங்க. எழுதினா எனக்குக் காசி வரும். ஆனா நாளைக்கு ஒங்கட மகள் அழுவா.” தேடிய செலவை மாத்திரம் வாங்கிக்கொண்டு எம்மை அனுப்பிவைத்தார். உறுதி எழுதினாற்றான் வருமானம் என்ற தொழிலில் இருந்துகொண்டு, எழுதாதே என்று சொல்லத் துணிந்த அந்த மனிதரை எமது வீட்டில் நன்றியோடு நினையாத நாளில்லை.

இதிலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்றே. “வாங்காதே” என்று சொல்லக்கூடியவரே வாங்குவதற்கு நம்பத்தக்க நொத்தாரிசு. மற்றவை எல்லாம் இதன் விரிவே. அவரைக் கண்டறிவதற்குச் சில கேள்விகளைச் சொல்லுகின்றோம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

முதலாவது, இவரை அழைத்து வந்தவர் யார்? வழமையாகக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் கொடுப்பவர் வாங்குபவரே. காசு கொடுப்பவருக்கே ஆளைத் தெரிந்தெடுக்கும் உரிமை உண்டு. விற்பனை நடந்தாற்றான் தரகருக்குக் கூலி. அவர் கொண்டுவரும் நொத்தாரிசு விற்பனையைத் தடுக்கும் சொல்லை எளிதிற் சொல்லமாட்டார்.

இரண்டாவது, தேடிப் பார்த்தீர்களா, பிரதியைக் காட்டுவீர்களா? “தேடினேன்” என்ற சொல் போதாது. பதிவேட்டுப் பிரதியைக் கண்ணால் காண வேண்டும். “தேடுதல் வேண்டாம்” என்ற வரி உறுதியில் இருந்தால் ஒப்பமிட வேண்டாம்.

மூன்றாவது, எந்த மொழியில் எழுதுவீர்கள்? ஒவ்வொரு நொத்தாரிசுக்கும் எந்த மொழியில் தொழில் செய்யலாம் என்று அனுமதிப் பத்திரத்திற் குறிக்கப்பட்டிருக்கும். எமது தாய்மாருக்குத் தமிழில் எழுதுபவரே வேண்டும். ஒப்பமிடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக நகலை வாங்கி வீட்டில் வாசியுங்கள்.

நான்காவது, நில அளவைப் படம் கேட்கிறாரா? “கிழக்கே இன்னார் வளவு, மேற்கே ஒழுங்கை” என்று எழுதிய பழைய எல்லைகளில் அந்த இன்னார் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். கடல் அழித்த வேலிகள் இடம் மாறி நிற்பதும் உண்டு. பேர்ச் கணக்கில் காணி விற்கும் நெருக்கமான ஊரில் இரண்டு அடி தவறினால் அயலவரோடு தலைமுறைப் பகை. கிணற்றுக்குப் போகும் பாதை உங்களுடையதா, பொதுவா என்பதையும் அப்பொழுதே கேளுங்கள்.

ஐந்தாவது, விற்பவர் தாமே வருகிறாரா, அட்டோர்னித் தத்துவம் பெற்ற வேறொருவர் வருகிறாரா? கடல் கடந்த உறவினர் மிகுந்த ஊர் எமது ஊர். தத்துவம் கொடுத்தவர் காலமானால் தத்துவமும் முடிந்துவிடும். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதையும், விற்க மனமொத்தவர் என்பதையும் தொலைபேசியில் முகம் பார்த்தே கேட்டறியலாம்.

ஆறாவது, எப்பொழுது பதிவீர்கள், மூலம் எப்பொழுது கைக்கு வரும்? திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திகதி கழிந்தால் பதிவகத்தில் நீங்களே போய் விசாரியுங்கள்.

ஏழாவது, செலவு எவ்வளவு? தம் கட்டணம் எவ்வளவு, முத்திரைத் தீர்வை எவ்வளவு, தேடுதல், படம், பதிவு இவற்றுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தருபவர் நேர்மையானவர். மிகக் குறைந்த கட்டணம் கேட்பவர் எந்த வேலையை விட்டுவிடப் போகிறார் என்பதையும் யோசியுங்கள்.

செலவைப் பேசும்போது ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாது விடமுடியாது. முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக விலையைக் குறைத்து எழுதுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. இது அரசை ஏமாற்றுவது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாளை காணியில் வழு கண்டு காசைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், எதிர்த்தரப்பார் உறுதியில் எழுதிய தொகையையே எடுத்துக் காட்டுவர். சின்னம்மாவுக்கும் அதுவே நேர்ந்தது. அவர் கொடுத்தது ஒன்று, எழுதியது அதில் அரைவாசி.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. கடன் கொடுப்பவர் சிலர், “இது ஈடுதான், சும்மா ஒப்பத்தைப் போடுங்கள்” என்று சொல்லி அறுதி உறுதியில் ஒப்பம் வாங்குவதுண்டு. ஈட்டு உறுதி கடனுக்குப் பிணை. அறுதி உறுதி காணியையே கைமாற்றுவது. வாயாற் சொன்னதை வைத்து எழுத்தில் இருப்பதை மறுக்க வழக்காடுவது மலையைக் கல்லி எலி பிடிப்பது போலாகும். “இது ஈடா, அறுதியா?” என்ற ஒரே கேள்வியை நொத்தாரிசிடம் சாட்சிகள் முன்னிலையிற் கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். பணம் கைக்கு வருமுன் ஒப்பமிடாதீர்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, உரிமையை அரசே உறுதிப்படுத்தித் தரக்கூடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. தென் அவுஸ்திரேலியாவில் ரொபட் டொறன்ஸ் என்பவர் 1858ஆம் ஆண்டிலேயே அத்தகைய முறையை நிறுவினார். அங்கு பழைய உறுதிகளின் சங்கிலியைத் தேடிப் போக வேண்டியதில்லை. அரசின் பதிவேடே உரிமை. எமது நாட்டிலும் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அதற்கு வழி திறந்தது. பிம்சவிய என்ற பெயரில் அவ்வேலை நடைபெறுகின்றது. ஆயினும் நாடு முழுவதும் அது வந்து சேரும்வரை பழைய உறுதிகளோடுதான் நாம் வாழவேண்டும்; பழைய விழிப்போடும் வாழவேண்டும்.

சின்னம்மாவின் கதை எப்படி முடிந்தது என்று தாய்மார் அறிய விரும்புவீர்கள். கனடாவிலிருந்து வந்த அந்தப் பெண்மணி கல்நெஞ்சர் அல்லர். தம் தாயின் பிழையை எண்ணி அவரும் கண்ணீர் வடித்தார். ஊர்ப் பெரியோர் இரு பக்கமும் பேசினர். அன்றைய விலையில் அரைவாசிக்கு அவர் அந்த வளவைச் சின்னம்மாவுக்கு எழுதிக் கொடுத்தார். 2017ஆம் ஆண்டில், இம்முறை தேடிப் பார்த்து, விளக்கி வாசித்து, உறுதி முடிந்தது. அந்த அரைவாசிக்காகச் சின்னம்மாவின் கழுத்துச் சங்கிலியும் காப்பும் போயின. அக்காவின் கலியாணம் மூன்று வருடம் தள்ளிப் போயிற்று. ஒரே வளவுக்கு இருமுறை விலை கொடுத்தவர் எமது சின்னம்மா. அவர் இன்று இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறார். “சொல்லு மகன், மற்றவங்களாவது அறியட்டும்” என்று அவரே அனுமதி தந்தபடியாற்றான் இதனைச் சொன்னோம்.

இளைஞர் நண்பர்களே, பேசிவிட்டுப் போவது எமது சங்கத்துக்கு அழகன்று. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் உறுதியைக் கேளுங்கள். ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். பதிந்த முத்திரையும் பதிவேட்டு இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்தில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் காணிப் பதிவகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். படித்த பிள்ளைகள் என்று எம்மைப் பெற்றோர் பெருமைப்படுகின்றனர். அந்தப் படிப்பு அவர்களுடைய உறுதியை வாசிக்க உதவாவிடில் வேறு எதற்கு உதவும்?

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எமது சங்க மண்டபத்தில் ஒரு மேசை போட அனுமதி தாருங்கள். வாசிக்க இயலாத தாய்மாருக்கு இளைஞர் நாம் உறுதியை வாசித்துக் காட்டுவோம். எந்தச் சமயத்தவராயினும், எந்த வேலிக்கு அப்பால் இருப்பவராயினும் வரலாம். சட்டம் சொல்ல மாட்டோம். அது சட்டத்தரணியின் வேலை. அவரிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை மாத்திரம் ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம்.

எமது அன்னையர் சிலர் இன்றும் பெருவிரலை மையில் ஒற்றியே உறுதியில் அடையாளம் வைக்கின்றனர். அந்த விரலைப் பிடித்து மையில் வைப்பவர் யார் என்பதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு இனி எம்முடையது.